முன்விற்பனை டோக்கன்: வாங்குமுன் கேள்

திருத்தங்கல்

அன்பு மருமகனே,

சந்தைக்கு வராத கிரிப்டோ டோக்கனை முன்விற்பனையிலேயே வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். முடிவை நீயே எடு.

தீபாவளிச் சீட்டுக்கு மாதாமாதம் கட்டும்போதே, கடைசியில் கைக்கு என்ன வரும் என்று நமக்குத் தெரியும். முன்விற்பனையில் விற்கும் சரக்கே இன்னும் உருவாகியிருக்காது. ஒரு குழு தான் கட்டப்போகும் கணினி வலையமைப்பைப் பற்றி வெள்ளை அறிக்கை வெளியிடும். அதில் புழங்கப்போகும் டோக்கனை முன்கூட்டியே விற்றுச் செலவுக்குப் பணம் திரட்டும். முந்தி வருபவருக்கு விலை குறைவு, பிந்தினால் கூடுதல். பெரும்பாலும் அந்த டோக்கன் நிறுவனப் பங்கு ஆகாது. லாபத்தில் உரிமையும் கிடையாது.

ஈதரியம் இப்படித்தான் தொடங்கியது. அதன் டோக்கனான ஈதரை 2014 ஜூலை 22 முதல் 42 நாள் விற்றார்கள். முதல் இரண்டு வாரம் ஒரு பிட்காயினுக்கு 2,000 ஈதர், முடிவில் 1,337. சுமார் 6 கோடி ஈதர் விற்றது. ஈதரியம் அறக்கட்டளைக்கும் ஆரம்பத்தில் உழைத்தவர்களுக்கும் சுமார் 1.2 கோடி ஒதுக்கினார்கள். வலையமைப்பு 2015 ஜூலை 30-இல்தான் ஓடத் தொடங்கியது. அதுவரை வாங்கியவர்கள் காத்திருந்தார்கள்.

இந்தப் பங்கீட்டைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். குழுவின் கையில் எவ்வளவு இருக்கிறது? எத்தனை மாதம் விற்காமல் பூட்டி வைத்திருக்கிறார்கள்? பூட்டு இல்லையென்றால், சந்தைக்கு வந்த அன்றே அவர்கள் விற்றுத் தள்ளலாம். விலை சரியும், உன்னிடம் இருப்பதை வாங்க ஆள் இருக்காது.

நிச்சய லாபம் என்று யாராவது சொன்னால் கெயின்பிட்காயின் வழக்கை நினைத்துக்கொள். பிட்காயின் போட்டவர்களுக்கு மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாக ஆசை காட்டினார்கள். பிறகு பிட்காயினுக்குப் பதிலாக எம்கேப் என்ற தங்கள் டோக்கனைக் கொடுத்தார்கள். மோசடிப் புகாரில் அதை நடத்திய அமித் பரத்வாஜ் 2018-இல் கைதானார்.

வரியையும் மறக்காதே. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு டோக்கனில் பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

ஆட்கள் யாரென்று தெரியாத குழுவிடமும், பங்கீட்டுக் கணக்கைக் காட்டாத குழுவிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. எல்லாம் சரியாக இருந்தாலும், போனால் வீடு தாங்கும் தொகையை மட்டும் போடு. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ இதில் இறங்காதே. இணையத்தில் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழை.

அன்புடன்,
மாமா