மறுநாளும் அதே தட்டு

நுழையுமுன்

ஒருநாள் பட்டினி கிடப்பது கடினமே. ஆயினும், எளிய உணவு முறை ஒன்றை ஆண்டு முழுவதும் பின்பற்றுவது அதனினும் கடினம். நாக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை வழியாக இதனை அறிவோம்.

பாடம்

நாக்பூரில் ரயில்வே அலுவலகத்தில் பணிபுரியும் தந்தை, இல்லத்தை நடத்தும் தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் என மூவர் அடங்கியது அக்குடும்பம். தந்தையின் சொந்த ஊர் கும்பகோணம். தாத்தாவும் பாட்டியும் அங்கே வாழ்ந்து வந்தனர்.

ஓர் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தந்தை மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றார். அவருடைய உயரம் 168 செ.மீ.; எடை 84 கிலோ. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரையின் அளவு 118 என இருந்தது.

"இஃது இன்னும் நீரிழிவு நோய் அன்று, ஆனால் அதன் வாசல். இப்போதே எடையைக் குறைத்தால் வாசலிலிருந்து திரும்பிவிடலாம்" என்றார் மருத்துவர்.

அச்சொல் தந்தையின் மனத்தில் ஆழமாகத் தைத்தது. தாத்தாவுக்கு நெடுங்காலமாக நீரிழிவு நோய் உண்டு. தொடக்கத்தில் அதனைக் கவனியாது விட்டமையால் அவருடைய வலக்கண் பார்வையை இழந்திருந்தது.

எடையைக் குறைக்கத் தந்தை முன்பும் முயன்றதுண்டு. ஒருமுறை, ஒரு மாதம் சோற்றைத் தொடவே இல்லை. மற்றொரு முறை, இரவு உணவை அடியோடு விட்டார். இரு முறையும் நான்கைந்து கிலோ குறைந்தது. பின்னர்ப் பசி தாங்காமல் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார். குறைந்த எடையும் அவ்வாறே திரும்பியது.

இதைக் கேட்ட மருத்துவர் புன்னகை செய்தார். "கடுமையான முறை வேண்டா. உங்கள் வீட்டு உணவே போதும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க முயலாதீர்கள். அதைவிட மெதுவாகக் குறைந்தாலும் நன்றே. ஐந்தாண்டுக்குப் பிறகும் உங்களால் பின்பற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாது எனத் தோன்றும் முறையை இன்றே விட்டுவிடுங்கள்" என்று கூறினார். பின்பு ஒரு தட்டின் படத்தைக் காட்டினார். அத்தட்டின் ஒரு பாதியில் காய்களும் கீரைகளும் பழங்களும் இருந்தன. மறுபாதியைத் தானியம், பருப்பு, பால் முதலியன நிரப்பின.

அப்படம் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரையைத் தழுவியது. அந்நிறுவனத்துக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. 1918ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டக் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். தவிடு நீங்கத் தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டோரை அந்நோய் தாக்கியது. அச்சிறிய ஆய்வுக்கூடமே வளர்ந்து 1958ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது.

அன்று மாலை மூவரும் அமர்ந்து ஒரு முறையை வகுத்தனர். காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி அல்லது ஒரு கிண்ணம் போஹா. பகல் ஒரு மணிக்கு மூன்று கரண்டிச் சோற்றுக்குப் பதிலாக இரண்டு கரண்டி. அத்துடன் பருப்பு, பொரியல், மோர். மாலையில் சமோசாவுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வறுத்த கடலை. இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி, காய்க்கூட்டு. அதன்பின் அரைமணி நேர நடை. விலக்கப்பட்ட உணவு என எதுவும் இல்லை. அளவும் நேரமும் மட்டுமே மாறின.

தேநீரைப் பற்றிய கணக்கை மகள் போட்டாள். தந்தை நாள்தோறும் நான்கு கோப்பை தேநீர் அருந்துவார். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம் எனக் கொண்டால் ஒரு நாளுக்கு 40 கிராம் ஆகும். இனி இரண்டு கோப்பை, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி என வைத்தால் 10 கிராம் மட்டுமே. மிச்சமாகும் 30 கிராமை முப்பது நாளால் பெருக்கினாள். விடை 900 கிராம்.

"அப்பா! மாதந்தோறும் ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரையைத் தேநீரிலேயே குறைத்துவிடலாம்!" என்று வியந்தாள்.

ஞாயிறுதோறும் காலையில், உண்பதற்கு முன் எடை பார்ப்பது என முடிவாயிற்று. மகள் அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தாள். முதல் மாத இறுதியில் எடை 82.6 கிலோ. செப்டம்பரில் இரண்டு வாரங்கள் எடை அசையவே இல்லை. தந்தையும் தம் தட்டை மாற்றவில்லை. மூன்றாம் வாரம் எடை மீண்டும் இறங்கியது.

தீபாவளி வந்தது. தாய் அதிரசம் சுட்டார். மராத்திய அண்டை வீட்டார் கரஞ்சியும் சக்லியும் கொணர்ந்து தந்தனர். தந்தை மூன்று நாளும் மகிழ்ச்சியாக உண்டார். அவ்வார ஞாயிறன்று 80.2 ஆக இருந்த எடை 81.1 ஆக உயர்ந்திருந்தது. மகளுக்கு அதனைக் குறிப்பேட்டில் எழுதவே மனம் வரவில்லை.

"இத்தனை நாள் முயற்சியும் வீணாகிவிட்டதே அப்பா! பொங்கலுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கலாமா?" என்று கேட்டாள்.

"பொங்கல் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? நாளைக் காலை எட்டு மணிக்குச் சிற்றுண்டி இருக்கிறதே! நீ எழுதம்மா. ஏறியதையும் எழுதினால்தான் அது கணக்கு" என்றார் தந்தை.

மறுநாள் காலை அதே மூன்று இட்லி. பகலில் அதே இரண்டு கரண்டிச் சோறு. முதல் நாள் மிகுதியாக உண்டதற்கு ஈடாக அவர் பட்டினி கிடக்கவில்லை. தம்மை நொந்துகொள்ளவும் இல்லை. அடுத்த ஞாயிறன்று எடை 80.1 கிலோ. ஏறிய எடை முழுவதும் கொழுப்பு அன்று. உப்பும் இனிப்பும் மிகுதியாகச் சேரும்போது உடலில் நீர் தங்குவதாலும் எடை கூடும் என்பதை மகள் பின்னர் அறிந்தாள்.

ஒருநாள் அவளும் தன் தட்டில் ஒரு சப்பாத்தியைக் குறைத்துக்கொண்டாள். தாய் அதனைக் கண்டார். "வளரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீ பசி தீர உண், காயை மட்டும் ஒதுக்காதே" எனக் கூறி, அச்சப்பாத்தியை மீண்டும் தட்டில் வைத்தார்.

மே மாதத்தில் குடும்பம் கும்பகோணத்துக்குப் புறப்பட்டது. அப்போது தந்தையின் எடை 75 கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98 ஆகக் குறைந்திருந்தது.

வாசலிலேயே பாட்டி திகைத்து நின்றார். "என்னப்பா, இப்படி இளைத்துவிட்டாய்! அங்கே வேளைக்குச் சோறு கிடைப்பதில்லையா?" என்று கேட்டவரின் பார்வை மருமகளின் பக்கம் சென்றது. அன்பு மிகுந்தோருக்கு இளைத்த உடல் நோயுற்ற உடலாகவே தோன்றும். அன்று பாட்டி தம் கையால் நான்கு கரண்டிச் சோறு இட்டார். தாயின் மனம் நோகாதிருக்கத் தந்தை அன்று மறுக்காமல் உண்டார்.

மாலையில் மகள் குறிப்பேட்டைத் தாத்தாவிடம் கொடுத்தாள். அவர் இடக்கண்ணருகே அதனைப் பிடித்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். தீபாவளி வாரத்தில் விரல் நின்றது.

"இங்கே ஏறியிருக்கிறதே?"

"ஆம் தாத்தா. மறுநாளிலிருந்து அப்பா பழையபடியே உண்டார்."

தாத்தா சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, "வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. ஆறு குறள்கள் உணவைப் பற்றியே பேசுகின்றன. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொல்கிறார். பத்துக் குறளையும் நான் இளமையிலேயே மனப்பாடம் செய்தேன். உன் தந்தை மனப்பாடம் செய்தானோ இல்லையோ, செய்து காட்டிவிட்டான்" என்றார். கூடத்தில் இருந்த பாட்டியின் செவியிலும் அது விழுந்தது.

மறுநாள் பகலில் பாட்டி மகனின் இலையில் இரண்டு கரண்டிச் சோறு இட்டார். மூன்றாவது கரண்டியை எடுத்தவர், சற்றே நின்றார். அதனைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, வாழைக்காய்ப் பொரியலை எடுத்து வந்தார்.

அருஞ்சொற்பொருள்

தைத்தது – ஆழமாகப் பதிந்தது
தழுவியது – அடிப்படையாகக் கொண்டது
நொந்துகொள்ளுதல் – மனம் வருந்துதல்
இளைத்தல் – மெலிதல்
செரித்தல் – உண்ட உணவு சீரணமாதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மருத்துவரின் சொல் தந்தையின் மனத்தில் ஆழமாகத் தைத்தது ஏன்?
2. தந்தையின் முந்தைய முயற்சிகள் ஏன் நிலைக்கவில்லை?
3. பாட்டி மூன்றாவது கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டது எதனைக் காட்டுகிறது?

ஆ. "ஏறியதையும் எழுதினால்தான் அது கணக்கு." – இத்தொடரை உணவுக்கு மட்டுமன்றி, உங்கள் படிப்புக்கும் பொருத்தி ஐந்து வரிகளில் எழுதுக.

இ. தொடரில் அமைத்து எழுதுக: கைப்பிடி, கரண்டி, அளவறிந்து, மறுநாள்.

ஈ. செயல்பாடு: உங்கள் வீட்டில் ஒரு நாளில் தேநீர், காப்பிக்குச் செலவாகும் சர்க்கரையைத் தேக்கரண்டியால் அளந்து, ஒரு மாதத்துக்குரிய அளவைக் கணக்கிடுக. அதனை வீட்டாரிடம் தமிழில் எடுத்துரைக்க.