மழையில் நின்ற விமானமும் விமானியின் பணி நேரமும்

கேள்வி: மழையால் வேறு ஊரில் இறக்கப்பட்ட விமானம், வானம் தெளிந்த பிறகும் விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டதென்று புறப்படாமல் நிற்பது ஏன்?
– வாசகர் ஒருவர், கடத்தூர், தருமபுரி மாவட்டம்

பதில்: விமானி பணிக்கு வந்து சேரும் வேளையில் தொடங்கி, கடைசிப் பயணம் முடிந்து எஞ்சின் நிறுத்தப்படும் வரையிலான காலமே 'பறப்புப் பணிக்காலம்' எனப்படுவதால், சென்னையில் இறங்க வேண்டிய விமானம் பெங்களூருக்குத் திருப்பப்பட்டுத் தரையில் காத்து நிற்கும் நேரமும் அதில் சேர்ந்துவிடுகிறது. எதிர்பாராத வானிலைக்காக ஓரளவு நீட்டிப்பை விதிகள் அனுமதித்தாலும், அதற்கும் எல்லை உண்டு. களைப்பு விமானியின் கவனத்தையும் முடிவெடுக்கும் திறனையும் குறைக்கும் என்பதாலேயே, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024இல் விதிகளைத் திருத்தி, வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தியது; ஆகவே அத்தகைய தாமதம் பயணிகளின் உயிருக்கான காவலே ஆகும்.