சுவர் பூசுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை
வீட்டினுள் இணையக் கம்பிக்குக் குழாய் பதித்தல்

நமது கிராமங்களில் வீடு புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் தை அறுவடைக்குப் பின் தொடங்கி, ஆடி பிறக்குமுன் முடிந்துவிடுவது வழக்கம். நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் ஓடு மாற்றுவதும், உதிர்ந்த பூச்சைக் கொத்தியெடுத்து மறுபூச்சுப் பூசுவதும், பழுதடைந்த மின்கம்பிகளை அகற்றிப் புதியன போடுவதுமாக, ஊரெங்கும் கொத்தனார்களுக்கு ஓய்விராது. இப்பருவத்தில் குடியானவப் பெருமக்கள் தவறாது கவனிக்க வேண்டிய ஒரு சிறு வேலையைப் பற்றி இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். சுவர் திறந்து கிடக்கும்போதே இணையக் கம்பிக்கென்று தனிக் குழாய் ஒன்றைப் பதித்து வைப்பதே அவ்வேலை.

இணையம் பட்டணத்தாருக்கு உரியது என்ற நிலை மாறிவிட்டது. ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. 2015இல் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. நமது மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை அவ்வாறு இணைப்பது திட்டத்தின் நோக்கமாகும். தனியார் கம்பிகளும் மின்கம்பங்களைப் பற்றிக்கொண்டு தெருத் தெருவாக வந்துள்ளன. பட்டா, பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையப் பதிவு, பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பம் முதலியன யாவும் இன்று இவ்வழியே நடைபெறுகின்றன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எனினும், தெருவரை வந்த வசதி வீட்டின் உள்ளறைவரை செல்லாமல் நின்றுவிடுவதை நமது வட்டாரத்தில் பலவிடங்களில் காண்கிறோம். ஒளியிழை வந்து சேரும் சிறு பெட்டியைக் கூடத்தில் மாட்டிச் செல்கிறார்கள். அதிலிருந்து வைஃபை அலை பரவுகிறது. ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் ஒன்றை அவ்வலை ஒருவாறு கடந்துவிடும். இரண்டு மூன்று சுவர்கள் குறுக்கிட்டால் வலிமை குன்றிவிடும். பழைய வீடுகளின் கனத்த மண்சுவரும், கான்கிரீட் தளமும், இடையில் நிற்கும் இரும்புப் பீரோவும் அதற்குப் பெருந்தடைகள். அலைவரிசைகள் இரண்டனுள் 5 கிகாஹெர்ட்ஸ் என்பது விரைவு மிக்கதாயினும் சுவரை ஊடுருவுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸைக் காட்டிலும் பின்தங்கியதே. நம் வீடுகளோ முன்கூடம், இடைகழி, பின்கட்டு என்று நீளவாட்டில் அமைந்தவை. படிக்கும் பிள்ளைக்குத் தனியறை என்று ஒதுக்குவது பின்கட்டிலோ மாடியிலோதான்.

சென்ற ஆண்டு நாம் சென்றிருந்த ஒரு சிற்றூரில், குடியானவர் ஒருவர் கடன் வாங்கி வீட்டைப் புதுப்பித்திருந்தார். பட்டி பார்த்து, வண்ணமடித்து, புதுத் தரையும் போட்டாயிற்று. மாடியறையில் அவர் மகள் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துவந்தாள். மாதிரித் தேர்வு எழுதுகையில் பாதியிலேயே இணைப்பு அறுந்துபோகும் என்று அவள் குறைபட்டுக்கொண்டாள். சன்னல் வழியே மாடிக்கு ஒரு கம்பியை இழுத்திருந்தார்கள். வெயிலில் அதன் மேலுறை வெடித்தது, மிச்சத்தை எலி கடித்தது. சுவரை வெட்டிக் குழாய் பதிக்கலாமா என்று தகப்பனார் கேட்டபோது, ‘வண்ணம் காய்ந்து நான்கு மாதந்தானே ஆகிறது!’ என்று வீட்டம்மையார் வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானதே. பூச்சுக்கு முன் செய்திருப்பின் ஒரு நாள் வேலை. பூச்சுக்குப் பின்னரோ சுவரை வெட்டும் கூலியும், மறுபூச்சும், மறுவண்ணமும் சேர்ந்து பன்மடங்காகின்றன. முடிவில் சுவரின் மேலேயே பிளாஸ்டிக் காடிப்பட்டை ஒட்டி அதனுள் கம்பியைச் செலுத்தினோம். தேர்வு தடையின்றி நடந்தது. பட்டை மட்டும் பார்வைக்கு அவ்வளவு அழகாயில்லை.

கம்பியைவிடக் குழாயே முக்கியம்

இவ்விஷயத்தில் நாம் முதலில் மனத்திற் கொள்ள வேண்டுவது யாதெனில், சுவருக்குள் நிலையாக இருக்க வேண்டியது குழாயே ஒழியக் கம்பியன்று. பத்தாண்டுகளில் கம்பியின் வகை மாறக்கூடும். குழாய் சரியாக இருந்தால் பழையதை உருவிப் புதியதைச் செலுத்துவது அரை நாள் வேலை. கம்பியை நேரே சுவரில் வைத்துச் சிமெண்டுப் பூச்சால் மூடிவிடுவோரும் உளர். அவ்வாறு செய்தல் ஒருபோதும் கூடாது. இன்று வாங்குவதற்குப் பணம் போதாதவர்கள் கம்பியைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். குழாயையும் அதனுள் ஒரு நைலான் கயிற்றையும் மட்டுமாவது இப்போதே இட்டுவைக்க வேண்டும். அக்கயிற்றின் நுனியில் கம்பியைக் கட்டி இழுத்துக்கொள்வது எளிது.

25 மில்லிமீட்டர் அளவுள்ள கனமான பி.வி.சி. மின்குழாய் இதற்குப் போதுமானது. திருப்பங்களில் நேர்க்கோண எல்போ பயன்படுத்தாமல், அகன்ற வளைவுள்ள பெண்டு பயன்படுத்துதல் நலம். ஒரே ஓட்டத்தில் இரண்டு திருப்பங்களுக்கு மேல் வருமாயின் இடையில் ஒரு பெட்டி வைத்துவிட வேண்டும். இல்லையேல் கம்பி சிக்கிக்கொள்ளும். பலங்கொண்டு இழுத்தால் கம்பியின் உள்முறுக்குக் கெட்டுப்போகும். பதினொரு கிலோ எடையைத் தூக்கும் பலத்திற்கு மேல் அதனை இழுக்கலாகாது. வேலை நடக்கும் நாட்களில் குழாயின் இரு வாய்களையும் துணியால் அடைத்து வைப்பதும் அவசியம். சாந்து உள்ளே விழாது. அன்றியும், திறந்த குழாயைக் கண்டால் நம் ஊர்க் குளவி விட்டு வைப்பதில்லை. இரண்டே வாரத்தில் மண்கூடு கட்டிவிடும்.

மின்பணியாளர்கள் அறிய வேண்டிய ஒரு வேறுபாடும் உண்டு. மின்சாரத்தை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கிளை பிரித்துக்கொண்டே போகலாம். இணையக் கம்பியை அவ்வாறு கிளை பிரிக்க இயலாது. பெட்டி இருக்குமிடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஒட்டுப் போடாத தனிக்கம்பி செல்ல வேண்டும். அனுபவமிக்க மின்பணியாளர் சிலர்கூடப் பழக்கத்தினால் இங்கே தவறிவிடுகின்றனர். ஆகையால் பெட்டியின் இடத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு குழாய்களை அங்கிருந்து கதிர்போல் பிரித்துச் செல்வதே முறை. அவ்விடம் வீட்டின் நடுப்பகுதியாக இருத்தல் நன்று. அருகே மின்செருகி வேண்டும், காற்றோட்டம் வேண்டும். அடுப்பங்கரைப் புகையும் கூரையொழுக்கும் அணுகலாகாது. பூட்டிய இரும்பு அலமாரிக்குள் அலைபரப்பும் பெட்டியை வைப்பது, விளக்கை மரக்காலால் மூடி வைப்பதற்கு ஒப்பாகும்.

எத்தனை இடங்களுக்குக் குழாய் வேண்டும்? படிப்பறைக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று, மாடியில் இரண்டாவது வைஃபைக் கருவிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும். வாசலில் காவற் கேமரா வைக்க எண்ணுவோர் இறவாணத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இவையன்றித் தெருவிலிருந்து ஒளியிழை உள்ளே நுழைவதற்கும் ஒரு குழாய் வேண்டும். அதனை வெளிப்புறம் சற்றே சரிவாக வைத்தால் மழைநீர் உள்ளே வாராது. ஒளியிழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்து இணைப்புக் கெடும் என்பதால், அக்குழாயின் திருப்பமும் அகன்றே இருக்கட்டும்.

சுவருக்கும் உயிருக்கும் ஊறு நேராமை

காடி வெட்டுவதில்தான் கொத்தனாரின் பொறுப்பு மிகுதி. நெடுக்குக் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைக்காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்குக்கும் மேற்படலாகாது என்பது கட்டுமான விதி. ஒன்பது அங்குலச் சுவர் ஏறத்தாழ 230 மில்லிமீட்டர் கனமுடையது. அதில் கிடைக்காடி 38 மில்லிமீட்டர்வரை செல்லலாம். 25 மில்லிமீட்டர்க் குழாய்க்கு அது போதும். நாலரை அங்குலச் சுவரிலோ கிடைக்காடிக்கு 19 மில்லிமீட்டர்தான் இடமுண்டு, குழாய் அடங்காது. எனவே அத்தகைய சுவரில் கிடையாக வெட்டவே கூடாது. மேலே தளத்தையொட்டியோ பரண் வழியாகவோ குழாயைக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் நெடுக்காக இறக்குவதே தக்கது. தூண், உத்தரம், நிலைக்கு மேலுள்ள லிண்டல் ஆகியவற்றைத் தொடலாகாது. வெட்டும் இயந்திரத்தால் இரு கோடுகள் கீறிவிட்டு நடுவே மெதுவாக உளியால் எடுக்க வேண்டும். சம்மட்டி கொண்டு அறைந்தால் பழைய சாந்தில் கட்டிய சுவர் உள்ளூர விட்டுக்கொடுத்துவிடும். குழாய் பதித்த காடியைச் சிமெண்டுச் சாந்தால் நிரப்பி, மேலே கோழிவலை அடித்துப் பூசினால் பின்னர் விரிசல் தோன்றாது. மண்சுவர் வீட்டுக்காரர்கள் வெட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டு, மேற்பட்டையோடு திருப்தியடைதல் வேண்டும். மின்சாரம் கிராமத்துக்கு வந்த புதிதில் தேக்குப் பட்டியலின் மேல் கம்பியை அடித்தார்கள். அவ்வீடுகளில் சில இன்னும் உறுதியாகவே நிற்கின்றன.

அடுத்தது, மின்சாரம். குழாய்ச் செலவை மிச்சப்படுத்தக் கருதி மின்கம்பியையும் இணையக் கம்பியையும் ஒரே குழாயில் செலுத்துவதைச் சிலவிடங்களில் கண்டோம். இது உயிரோடு விளையாடுவதாகும். மின்கம்பியின் மேலுறை உள்ளே எங்கேனும் தேய்ந்துவிட்டால், 230 வோல்ட் மின்சாரம் இணையக் கம்பி வழியே கணினியை அடையும். அதைத் தொட்டிருப்பது பெரும்பாலும் குழந்தையின் கை. இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனிப் பெட்டி இருந்தே தீர வேண்டும். இரண்டும் அருகருகே ஓடும்போது ஓரடி இடைவெளி விடுவது நல்லது. குறுக்கிட நேர்ந்தால் நேர்க்கோணமாகக் குறுக்கிடட்டும். இவ்வளவையும் செய்தபின் மின் இரைச்சல் இணையத்தில் கலக்கும் தொல்லையும் தானே நீங்கிவிடும்.

கம்பி வாங்குகையில்

கடைகளில் கேட் 5இ, கேட் 6 என்னும் இரு வகைகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. இரண்டனுள்ளும் இவ்விரண்டாக முறுக்கிய நான்கு இணைகள், ஆக எட்டு இழைகள் உள்ளன. வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தை நூறு மீட்டர் தூரம்வரை இரண்டுமே தாங்கும். கேட் 6 குறுகிய தூரங்களில் அதற்குப் பத்து மடங்கும் தாங்கவல்லது. சுவருக்குள் போவதற்கு அதையே வாங்கலாம் என்பது நமது கருத்து.

விலை மலிவாக இருக்கிறதே என்று ஏமாறலாகாது. அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சிட்டு விற்பதும் உண்டு. இழையொன்றைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம் வெளிப்படும். நாலைந்து முறை மடித்தால் ஒடிந்துவிடும். முழுச் செம்பானால் எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறமே. கேமரா போன்ற கருவிகளுக்கு இதே கம்பி வழியாக ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரமும் அனுப்பும் முறை உள்ளது. அதற்கு அலுமினியக் கலப்பு அறவே உதவாது, சூடேறும். முழுப் பெட்டியில் 305 மீட்டர் இருக்கும். ஒரு வீட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் வேலை நடக்குமாயின் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

முனையில் செருகியைப் பொருத்தும்போது இழைகளின் வரிசை, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று இரு முனைகளிலும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கலாகாது. ஒவ்வொரு முனையிலும் ஓரடி மிச்சம் விட்டு, எந்த அறைக்குரியது என்று எழுதி ஒட்ட வேண்டும். சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்த பிறகே மின்பணியாளருக்குக் கூலி கொடுக்கலாம்! பூச்சுக்கு முன், திறந்த காடிகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைப்பதும் பயன்தரும். பிற்காலத்தில் ஆணியடிப்பவர் குழாயைத் துளைக்காமலிருக்க அப்படம் வழிகாட்டும்.

மாட்டுக்கொட்டகைக்கும் மோட்டார் கொட்டகைக்கும் இதே கம்பியைக் கொண்டுபோகலாமா என்று பலர் வினவுகின்றனர். நூறு மீட்டர் எல்லைக்கு உட்பட்டதாயினும், வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. அருகே இடி விழுந்தால் அதன் வேகம் கம்பி வழியே வீட்டுக் கருவிகள் அனைத்தையும் தாக்கக்கூடும். அவ்விடங்களுக்கு உலோகக் கலப்பில்லாத ஒளியிழை பாதுகாப்பானது.

சிறு வீடுகளுக்கும் இவ்வளவு ஏற்பாடு வேண்டுமா? வேண்டாம். 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் வீடு 360 சதுர அடி. அத்தகைய வீட்டில் அலை எல்லா மூலைக்கும் எட்டிவிடும். ஒளியிழை நுழைய ஒரு குழாயும், பெட்டிக்கருகே ஒரு மின்செருகியும் இருந்தால் போதுமானது. அதற்குமேல் செலவிடச் சொல்லுபவரை நம்ப வேண்டியதில்லை.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒன்று. ஊராட்சி அலுவலகம், நூலகம், அங்கன்வாடி முதலிய கட்டடங்களைப் பழுதுபார்க்க மதிப்பீடு தயாராகும்போதே இக்குழாய் வேலையைத் தனி இனமாகச் சேர்க்கும்படி பொறியாளரிடம் கூற வேண்டும். பூச்சு வேலை முடிந்து அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகு சுவரை மீண்டும் வெட்டுவதென்றால், அதற்கு வேறு மதிப்பீடு, வேறு தீர்மானம், வேறு நிதி தேவைப்படும்.