வீட்டுக்கும் ஒரு தீர்மானப் புத்தகம்



இந்த மாதப் பாடம் வீட்டை ஒழுங்காக வைப்பது பற்றியது. "இது கூடவா எங்களுக்குத் தெரியாது?" என்று சிரித்துவிட வேண்டாம். எவ்வளவு பாடுபட்டாலும் வீட்டை ஒழுங்கில் வைக்க முடியாத பெண்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். அவர்களை நாம் என்னவெல்லாம் பேசியிருக்கிறோம் என்பதையும் யோசித்துக்கொண்டே படிப்போம்.

நடந்தது என்ன?

திருச்செங்கோடு பக்கம் எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வங்கிக் கடனுக்கு எல்லோரும் ஆதார் நகலும் பாஸ் புக்கும் கொடுக்க வேண்டும். பதினோரு பேர் கொடுத்துவிட்டோம். தறி ஓட்டும் ஒரு சகோதரி மட்டும் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டே இருந்தார். கடன் தள்ளிப் போனது. "ஒருத்தியால எல்லாருக்கும் கஷ்டம்" என்று கோபப்பட்டு, அவரைக் குழுவிலிருந்து நீக்கத் தீர்மானமே எழுதிவிட்டோம்.

"வேணும்னே பண்ணலைங்க அக்கா. வெச்ச எடம் மனசுல நிக்கமாட்டேங்குதுங்க" என்று அழுதார். கடைசியில் பாஸ் புக் அரிசி டிரம்முக்குள் கிடைத்தது. மழைக்கு நனையக் கூடாதென்று பத்திரமாக அவரேதான் வைத்திருக்கிறார்!

அதே சமயத்தில் அவர் மகனைப் பற்றிப் பள்ளியில் டீச்சர் சொல்லி, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். பையனுக்கு ஏ.டி.எச்.டி. என்றார் மருத்துவர். பிறகு அம்மாவைப் பார்த்து, "சின்ன வயசில் நீங்க எப்படிம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. இது பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. தாய்க்கும் அதே குறைபாடு இருந்தது.

ஏ.டி.எச்.டி. என்றால் என்ன?

தமிழில் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு என்கிறார்கள். வேலைகளை வரிசைப்படுத்துவது, நேரத்தைக் கணக்கிடுவது, செய்ய வந்ததை நினைவில் பிடித்து வைப்பது ஆகிய மூளையின் வேலைகள் இதில் தடுமாறும். புளி எடுக்கப் போவார், ஈரத்துணி கண்ணில் படும், காயப்போடப் போவார், கொடிக்கயிறு அறுந்திருக்கும், கயிறு தேடுவார். அதற்குள் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிடும். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதே சகோதரி தறியில் நூல் அறுந்தால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் பிடித்துவிடுவார்.

இது குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்று நினைத்திருந்தோம். பலருக்குப் பெரியவர்களான பின்னும் தொடர்கிறது. பெண்களில் பலருக்கு ஓட்டமும் துள்ளலும் வெளியே தெரியாது, கவனம்தான் சிதறும். அதனால் பள்ளியில் யாரும் கண்டுகொள்வதில்லை. பிறகு 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவள்' என்ற பெயர்தான் மிஞ்சுகிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். மறதி எல்லாமே ஏ.டி.எச்.டி. ஆகாது. இதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கும். இடையில் வந்த மறதிக்கு ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வேறு காரணம் இருக்கலாம். மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

குழு முறையே வீட்டுக்கும்

மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரியில் தொடங்கி, சில ஆண்டுகளில் நாமக்கல் பிரியாத அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. அன்று முதல் நாம் யாருடைய ஞாபகத்தையும் நம்பிக் குழு நடத்தவில்லை. குறித்த நாளில் கூடுகிறோம், சேர்ந்து செய்கிறோம், அன்றைக்கே எழுதி வைக்கிறோம். இதே மூன்றையும் அந்தச் சகோதரி வீட்டில் செய்து பார்த்தோம்.

1. ஒரு மூலை, கால் மணி நேரம். போகிக்குச் செய்வதுபோல எல்லாச் சாமானையும் வாசலில் இழுத்துப் போட வேண்டாம். பாதியில் கவனம் சிதறினால் இரவு படுக்கவும் இடமிருக்காது. செல்போனில் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். ஒரு அலமாரித் தட்டு போதும். அலாரம் அடித்தால் நிறுத்திவிடலாம்.

2. மூன்று குவியல். வேண்டியது, கொடுத்துவிடுவது, பழைய இரும்புக்காரருக்குப் போடுவது. முடிவு செய்ய முடியாததை ஒரு சாக்கில் கட்டி, தேதி எழுதி வையுங்கள். அடுத்த பொங்கல் வரை அவிழ்க்கவில்லை என்றால் அது தேவைப்படாத பொருள். சாமான் குறைந்தால் தேடுவதும் குறையும்.

3. கண்ணில் படும்படி வையுங்கள். பரண் மேலும் டிரங்குப் பெட்டிக்குள்ளும் போனது மனதை விட்டே போய்விடும். மூடியில்லாத கூடை, உள்ளே தெரியும் டப்பா, சாவிக்கு ஓர் ஆணி நல்லது.

4. ஆவணங்களுக்கு ஒரே மஞ்சப்பை. ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வங்கி பாஸ் புக், காப்பீட்டு அட்டை, குழு பாஸ் புக் எல்லாம் அதில். பைக்கு ஒரே ஆணி. எடுத்தவர் அன்றைக்கே திருப்பி மாட்ட வேண்டும். ஜெராக்ஸ் நகல் ஒரு செட் வேறு இடத்தில் இருக்கட்டும்.

5. சுவரில் எழுதுங்கள். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே கேஸ் பதிவு, கரண்ட் பில், குழுக் கூட்டம் எல்லாம். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சே வேண்டாம்.

6. துணைக்கு ஒருவர். இதுதான் அதிகம் உதவியது. பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாலே போதும், கை வேலையை விட்டு மனம் ஓடாது. ஆனால் துணைக்குப் போகிறவர் குறை சொல்லக் கூடாது, கேட்காமல் எதையும் எடுத்து மாற்றி வைக்கவும் கூடாது.

எங்கே கேட்பது?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் கேட்கலாம். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இப்போது எப்படி?

பழைய தீர்மானத்தை ரத்து செய்து புதிதாக ஒன்று எழுதினோம். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அவர் வீட்டுக்கு அரை மணி நேரம் போக வேண்டும் என்பதுதான் அது. கடனும் கிடைத்தது. இன்னமும் அவர் வீட்டுத் திண்ணையில் துணி குவிந்துதான் கிடக்கிறது. ஆனால் மஞ்சப்பை ஆணியில் தொங்குகிறது. மகன் பள்ளிக்கூடப் பைக்கும் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்திருக்கிறார்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

- நம் குழுவில் 'பொறுப்பில்லாதவர்' என்று யாரையாவது சொல்லியிருக்கிறோமா? அவரிடம் என்ன கஷ்டம் என்று கேட்டோமா?
- உங்கள் வீட்டு ஆவணங்களை ஐந்து நிமிடத்தில் எடுக்க முடியுமா?
- அடுத்த கூட்டத்துக்குள் எந்த ஒரு மூலையை ஒழுங்கு செய்வீர்கள்? துணைக்கு யார் வருவார்? தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.