கண்ணுக்குத் தெரியாத காயம்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க நமக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். வேலையிடத்துக்கும் அதுவே பாடம்.

நம் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, முஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்தது 2001-இல் தெரியவந்தது, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016-இல்தான். பாதரச ஆவிக்கு மணமில்லை, நிறமில்லை. மூச்சுவழி நுழைந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். துணியில் ஒட்டி வீட்டுக்கும் வரும்.

அலுவலகத்தின் பழைய டியூப் லைட்டிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்து, பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். பிறகு கையுறை அணிந்து, கெட்டி அட்டையால் அள்ளிப் பாட்டிலில் மூடுங்கள்.

வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், "இது என்ன பொருள்?" என்று கேட்கத் தயங்கக் கூடாது. உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே.