தென்னையின் இரு பகைகள்

வண்டு என்றவுடன் மலர்தோறும் தேன் நாடிச் செல்லும் சிற்றுயிரே நம் நினைவில் எழும். தென்னந்தோப்பு உடையார்க்கோ அச்சொல் கவலையைத் தரும். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டையும் சிவப்புக் கூன்வண்டையும் ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம்.

முதலாவது, தோற்றம். காண்டாமிருக வண்டு கருநிறமுடையது. தலையில் கொம்பு உண்டு. கூன்வண்டு செம்பழுப்பு நிறத்தது, கொம்பில்லை, நீண்டு வளைந்த மூக்கே அதன் அடையாளம்.

இரண்டாவது, வாழ்க்கை. காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியிலும் மட்கிய மரத்திலும் வளர்கிறது. அதற்கு ஆறு கால்கள் உண்டு. உயிருள்ள தென்னையை அது தீண்டுவதில்லை. வளர்ந்த வண்டே குருத்தைத் துளைக்கிறது. கூன்வண்டிலோ நிலைமை நேர்மாறானது. தாய்வண்டு மரத்தின் காயங்களில் முட்டையிடுகிறது. அவற்றினின்று வெளிவரும் காலில்லாப் புழுக்களே தண்டின் உட்பகுதியைத் தின்று மரத்தைக் கொல்கின்றன.

மூன்றாவது, அறிகுறி. குருத்து விரியும்போது மட்டைகள் கத்தரியால் வெட்டியதுபோல் காணப்பட்டால், அது காண்டாமிருக வண்டின் வேலை. இதனை எவரும் எளிதில் காணலாம். கூன்வண்டின் தாக்குதல் நெடுநாள் மறைந்தே இருக்கும். தண்டில் துளைகளும், செம்பழுப்புச் சாறு வடிதலும், மென்ற நார்ச் சக்கையுமே அதன் அடையாளங்கள். நடுக்குருத்து வாடிய பின் மரத்தைக் காப்பது அரிது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. முன்னது செய்த காயம் பின்னதற்கு வாயிலாகிறது. பின்னது கொன்ற மரம் தோப்பிலேயே கிடந்து மட்கினால், முன்னதன் புழுவுக்குத் தொட்டிலாகிறது. ஆகவே ஒன்றை மட்டும் ஒழிக்க முயல்வது பயன்தராது.

எருக்குழியைக் கிளறிப் புழுக்களை அழித்தல், பட்ட மரங்களை உடன் அகற்றி எரித்தல், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரு பங்கு கலந்து குருத்தையடுத்த மட்டை இடுக்குகளில் இடல், பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் அடியில் 4 அடி நீளம் விட்டு வெட்டல் ஆகியவை இரண்டுக்கும் அணையாகும்.

1980களின் நடுப்பகுதியில் வளைகுடா நாடுகளை எட்டிய கூன்வண்டு, அங்குப் பேரீச்சை மரங்களுக்கும் பெரும்பகையாயிற்று. கண்ணுக்குத் தெரியும் காயத்தைச் சிறிதென்று விடுதல், தெரியாத பகைக்குக் கதவு திறப்பதாகும். வரும் விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் தம் வீட்டுத் தென்னையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதோடு, அதன் அடித்தண்டையும் குனிந்து நோக்குவார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதெனக் கொள்வோம்.