புது விமானியும் வட்டார விமானக் கம்பெனியும்

கற்ற கல்வி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைக்கொண்டு ஒருவன் முதன்முதல் எவ்விடத்திற் பணி ஏற்கின்றான் என்பது அவனது பிற்கால வாழ்வைப் பெரிதும் வரையறுக்கும். இஃது எல்லாத் தொழில்கட்கும் பொதுவான உண்மையேயாயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் விமானம் செலுத்தக் கற்ற இளைஞர் திறத்து மிகத் தெளிவாக விளங்குகின்றது. அவர்கள் தம் முதற் கம்பெனியை எவ்வாறு ஆராய்ந்து தெரிந்துகொள்ளுதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் முதலிய பெருங் கம்பெனிகள் பெருநகரங்களுக்கிடையே பெரிய விமானங்களைச் செலுத்துகின்றன. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள பயணிகளைத் திரட்டிப் பெரிய நிலையங்களிற் கொண்டு சேர்ப்பவை வட்டாரக் கம்பெனிகள். சிற்றாறுகள் பேராற்றிற்கு நீர் கொணர்வது போன்றது இப்பணி. இவற்றின் விமானங்கள் பெரும்பாலும் 50 முதல் 76 வரை இருக்கைகள் உடையன. விமானத்தின் புறத்தே தீட்டப்பெற்றிருக்கும் பெயர் பெருங் கம்பெனியினது. உள்ளிருந்து செலுத்துவோரோ வட்டாரக் கம்பெனியின் ஊழியர். இவ்வேறுபாட்டைப் பயணிகளிற் பலர் அறியார். பணி தேடி வரும் விமானி அறியாதிருத்தல் கூடாது.

இப்பணிக்குத் தகுதி பெறுதல் எளிதன்று. முன்னாளில் 250 மணி நேரம் பறந்து வணிக உரிமம் பெற்றோர் துணை விமானியாக அமரலாம் என்றிருந்தது. 2013-ஆம் ஆண்டு முதற்கொண்டு பொதுவாக 1500 மணி நேரப் பழக்கம் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. விமானக் கல்வியில் உரிய பட்டம் பெற்றோர்க்கு 1000 மணியும், படையிற் பயின்ற விமானிகட்கு 750 மணியும் போதும். இம்மணிக் கணக்கை நிரப்புதற்காகப் பலர் சிறு விமானங்களிற் பிறர்க்குப் பயிற்சி அளித்துக் காலங்கழிக்கின்றனர். கடன்பட்டுக் கற்றவரும் பலர். ஆதலின் முதலில் அழைக்கும் கம்பெனிக்கே ஓடிவிட வேண்டும் என்ற ஆவல் எழுதல் இயல்பு. அவ்வாவலை அடக்குதற்குக் காரணம் ஒன்று உண்டு.

அதுவே பணிமூப்பு வரிசை. கம்பெனியிற் சேர்ந்த நாளைக்கொண்டு ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண் அமைகின்றது. எவ்வூரிற் பணி, எவ்விமானம், எந்நாள் விடுமுறை, எப்பொழுது காப்டன் பதவி, ஆட்குறைப்பு நேரின் முதலில் வெளியேறுவோர் யார் என்பன யாவும் அவ்வெண்ணின்படியே முடிவு செய்யப்படும். வேறு கம்பெனிக்கு மாறின் அவ்வெண் உடன் வாராது. பத்தாண்டு காப்டனாயிருந்தவனும் புதிய இடத்திற் கடைசி எண்ணுடன் தொடங்குதல் வேண்டும். ஆகவே முதலிற் பிழைபடத் தெரிந்து பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்பது, கழிந்த ஆண்டுகளை இழக்கத் துணிவதேயாகும்.

நிற்க, ஆராயவேண்டுவனவற்றுள் முதலாவது பணித்தலம். விமானி எந்த நிலையத்திலிருந்து பணியைத் தொடங்கி எங்கே முடிக்கின்றானோ அதுவே அவனுக்குரிய தலம். அது வாழும் ஊருக்கு அண்மையில் இல்லையாயின், பிற விமானங்களில் வெற்றிருக்கை தேடிப் பணிக்குப் போய்வர வேண்டும். மாதம் நான்கு முறை போய்வருவதாகவும், போதற்கு அரைநாளும் மீளுதற்கு அரைநாளும் செல்வதாகவும் கொண்டால், ஆண்டிற்கு 48 நாள் வழியிலேயே கழியும். புதியவர்க்குப் பெரும்பாலும் ரிஸர்வ் என்னும் காத்திருப்புப் பணியே கிடைக்கும். அழைப்பு வந்த சில மணி நேரத்தில் நிலையத்தை அடைய வேண்டுமாதலின், தொலைவில் வாழ்வோன் தலத்தருகே ஓர் அறையும் வாடகைக்குக் கொள்ள நேரும்.

இஃது உயிரோடு தொடர்புடையது என்பதை 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் நிகழ்ந்த விபத்து காட்டுகின்றது. நியூவார்க்கிலிருந்து பபலோ நகரம் நோக்கிச் சென்ற கால்கன் கம்பெனி விமானம், இறங்கும் தறுவாயில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். விமானத்தின் புறத்தே தீட்டியிருந்தது கான்டினென்டல் என்னும் பெருங் கம்பெனியின் பெயர். துணை விமானியாகிய பெண்மணி ஸீயாட்டிலிலிருந்து முந்திய இரவு முழுதும் சரக்கு விமானங்களிற் பயணம் செய்து நியூவார்க்கை அடைந்தவர். காப்டனோ விமானிகள் தங்கும் பொது அறையில் இராப்பொழுதைக் கழித்தவர். வேகம் குறைந்து விமானம் விழப்போகின்றது என்ற எச்சரிக்கை எழுந்தபோது, முகப்பைத் தாழ்த்த வேண்டிய காப்டன் அதனை மேலே உயர்த்தினார். இதுவே காரணம் என்று ஆராய்ச்சியாளர் துணிந்தனர். சோர்வு அவர்களது திறத்தைக் குறைத்திருக்கும் என்றும், அஃது எவ்வளவு என்று வரையறுத்தல் இயலாது என்றும் கூறினர். இருவருமே 1500 மணிக்கு மிகப் பறந்தவர்கள் என்பது கருதத்தக்கது. மணிக் கணக்கு மட்டும் ஒருவனைக் காவாது.

2014-ஆம் ஆண்டு ஜனவரி முதல், பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வும் அதனுள் 8 மணி நேரம் இடையறாது உறங்குதற்கு வாய்ப்பும் அளிக்கவேண்டும் என்பது விதி. ஆயினும் வீட்டிலிருந்து தலத்திற்கு வரும் பயணத்தைச் சட்டம் பணிநேரமாகக் கணக்கிடுவதில்லை. அக்களைப்பினின்று தன்னைக் காத்துக்கொள்ளுதல் விமானியின் பொறுப்பே.

இரண்டாவது பயிற்சி. முன்னைய விபத்தில் அக்காப்டன் பல தேர்வுகளில் தவறியிருந்தமையும் வெளிவந்தது. ஆதலின், பயிற்சியில் இடர்ப்படுவோர்க்கு மேலும் கற்பிக்கும் கம்பெனி எது, விரைந்து தள்ளிவிடும் கம்பெனி எது, குறையை மூடி மேலே அனுப்பும் கம்பெனி எது என்று வினவுதல் நன்று. இவற்றுள் கடைசியாகக் கூறியது முதலிற் கருணை போலத் தோன்றினும் பின்னர்க் கேடு விளைக்கும்.

மூன்றாவது நிலைபேறு. வட்டாரக் கம்பெனிகள் பெருங் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் வாழ்வன. சில கம்பெனிகள் பெருங் கம்பெனிக்கே உரியன, எண்டெவர் டெல்டாவினது, என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. ஆகியன அமெரிக்கனுடையன. ஸ்கைவெஸ்ட் போன்றவை தனித்து நின்று பல பெருங் கம்பெனிகட்கு உழைப்பன. பெருங் கம்பெனிக்குரியதாயின் அச்சமில்லை என்று எண்ணுதலும் தவறு. காமேர் என்பது டெல்டாவிற்கே உரியதாயிருந்தும் 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. அதில் நெடுங்காலம் உழைத்தோரின் பணிமூப்பு எண்கள் அன்றோடு பயனற்றுப் போயின. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்னும் இரண்டும் மறைந்தன. ஆகவே ஒப்பந்தங்கள் எத்தனை, எவ்வாண்டில் முடிவன, விமானங்கள் புதியனவோ பழையனவோ என்பவற்றை நோக்குதல் வேண்டும்.

ஊதியத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. விமானிகள் கிடைத்தல் அரிதான 2022-ஆம் ஆண்டு ஜூனில், என்வாயும் பீட்மான்டும் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் தருவதாக அறிவித்தன. இத்தகைய உயர்வு ஓரிடத்தில் எழின், விமானிகளை இழக்க விரும்பாத பிறரும் விரைவிற் பின்பற்றுவர். சேருங்கால் அளிக்கப்படும் போனஸோ, பெரும்பாலும் சில ஆண்டுகள் நீங்காதிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. இடையில் விலகின் திருப்பிக் கட்ட நேரும். பெருங் கம்பெனியிற் சேர வழிவிடும் ஏற்பாடு உண்டெனின் அது நன்மையே. ஆனால் பெருங் கம்பெனி ஆள் எடுப்பதை நிறுத்தின் அவ்வரிசையும் நின்றுவிடும்.

இவற்றை எங்ஙனம் அறிவது? ஆள் சேர்க்க வருவோரை மட்டும் கேட்டல் போதாது. அக்கம்பெனியில் ஓராண்டு பணி செய்த இளைய விமானியைக் கண்டு மூன்று வினாக்கள் கேட்க வேண்டும்: விரும்பிய தலம் எத்தனை மாதத்திற் கிடைத்தது? காத்திருப்புப் பணியில் எவ்வளவு காலம் இருந்தீர்? சென்ற மாதம் எத்தனை இரவு நும் வீட்டில் உறங்கினீர்? மூன்றாம் வினாவிற்கு வரும் விடை பல அச்சிட்ட விளம்பரங்களினும் மிகுதியாக உணர்த்தும்.

ஸீயாட்டிலில் பெற்றோருடன் வாழும் இளைஞன் ஒருவனுக்கு, அந்நகரிலேயே தலமுடைய ஹொரைஸன் கம்பெனியும், நாட்டின் மறுகோடியில் பெரும் போனஸ் தரும் வேறொரு கம்பெனியும் இடமளிப்பதாகக் கொள்வோம். மற்றவை ஒத்திருப்பின் அவன் வீட்டருகே இருப்பதைக் கொள்வதே அறிவுடைமை. போனஸ் ஓரிரண்டு ஆண்டிற் செலவாகிவிடும். நன்றாக உறங்கி எழுந்தவனின் தெளிவோ அவனுக்கும், அவனை நம்பிப் பின்னே அமர்ந்திருக்கும் எழுபத்தறுவர்க்கும் நாள்தோறும் பயன்படும்.

கல்லூரியை விட்டு நீங்கும் நம் மாணவர் எத்தொழிலைத் தெரிந்துகொள்ளினும் இதே ஆராய்ச்சி வேண்டற்பாலது. தருவது எவ்வளவு என்று கேட்குமுன், ஆண்டு பல கழிந்தபின் நம்மை எந்நிலையில் வைத்திருக்கும் என்று கேட்டறிதல் நலம்.